மறைந்த கரம் விருது

சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துச் சத்தமாகப் பாராட்டுவதற்கென்று அந்தச் சபையில் ஒரு மன்றம் இருந்தது. மறைந்த கரம் மன்றம் என்று பெயர். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள் அல்லவா, அந்த வலக்கை யாருடையது என்று துப்புத் துலக்கி, மேடையேற்றி, கேடயம் கொடுத்து அனுப்புவதுதான் மன்றத்தின் திருப்பணி.

மன்றத்தின் தலைவருக்குப் பணிவு ஐயா என்று பட்டப்பெயர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டமானாலும் "மிகுந்த பணிவோடு" என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் கேட்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் பணிந்து, குனிந்து, தூங்கிப் போயிருப்பார்கள்.

"நான் செய்யுற உதவிய வெளிய சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது. எந்த மேடையில ஏறுனாலும் முதல்ல இதத்தான் சொல்லுவேன்" என்பார்.

முதல் விருது ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குப் போயிற்று. இல்லாதவர்கள் வீட்டு வாசல்களில் விடிவதற்கு முன் ரொட்டி வைத்துவிட்டுப் போகிறவர். விருது வாங்கிய மறுவாரமே அந்த மனிதர் கடைப் பலகையை மாற்றினார்: 'மறைந்த கரம் விருது பெற்ற ரொட்டிக்கடை. கிளைகள் கிடையாது.' வாசலில் ரொட்டி வைப்பதும் நின்றது. கேட்டால், "இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, இனிமே எப்படி மறைச்சு வைக்கிறது?" என்றார். நியாயம்தானே.

மன்றம் அவசரமாகக் கூடியது. உயிரோடு இருக்கிறவனைப் பாராட்டினால் அவன் கெட்டுப் போகிறான். பாராட்டாவிட்டால் மன்றம் கெட்டுப் போகிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் செயலாளர். மொழி வாத்தியாராக இருந்தவர், எந்தச் சொல்லையும் உரித்துப் பார்க்காமல் விடமாட்டார். 'மறைந்த' என்றால் ஒளிந்திருக்கிற என்றும் அர்த்தம், காலமான என்றும் அர்த்தம்; விருதின் பெயரிலேயே விதி இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்று எடுத்துச் சொன்னார். ஆகவே விருதுக்குரியவர் ஒளிந்து செய்தவராகவும் இருக்க வேண்டும், இறந்து போனவராகவும் இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அன்று முதல் சபையில் கைமாறு பாராமல் உதவி செய்துகொண்டிருந்த பெரியவர்கள், செயலாளர் எதிரே வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால் வேறு தெருவில் திரும்பிப் போனார்கள்.

அதற்கப்புறம் விருதுக்கு ஆளே அகப்படவில்லை. செத்துப் போனவர்கள் எல்லாம் செய்ததைச் சொல்லிவிட்டே செத்தார்கள். சொல்லாமல் செய்கிறவர்களோ, பிடிவாதமாக உயிரோடு இருந்தார்கள். கேடயம் பெட்டிக்குள் கிடந்து கறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கடைக்காரர் இறந்தார்.

அவருடைய கடை சபைக்குப் பின் தெருவின் முனையில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டு இயந்திரம், ஒரு நீள மேசை, கொடிக் கம்பிகள், எந்நேரமும் ஆவி. அவரும் மனைவியும்தான் ஆட்கள். ஊரில் அவளைச் சலவைக்கடை அக்கா என்பார்கள். ஒரு நாள் மதியம் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டைக் காலரை ஒரு தடவை நீவிவிட்டு, "கொஞ்சம் உக்காரறேன்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சட்டையின் மற்றப் பாதியை அக்கா இஸ்திரி போட்டு உரியவருக்கு அனுப்பி வைத்தது அடக்கமெல்லாம் முடிந்த பிறகு.

அந்தக் கடைக்கு வாராவாரம் ஒரு மூட்டை வரும். தெருவின் நடுவீட்டில் தனியாக இருந்த பாட்டு டீச்சரின் மூட்டை. சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். முதுகு வளையாத மனுஷி. அவர் விரலைத் தூக்கினால் போதும், முன்வரிசைக்காரர்கள் இருமலையும் விழுங்கிவிடுவார்கள். அவருக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் முதல் மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, டீச்சர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "திரைச்சீலை" என்றார்.

உள்ளே படுக்கை விரிப்புகள். நனைந்து காய்ந்தவை. வாசனையே சொல்லிவிடும்.

சலவைக்காரர் மூட்டையை வாங்கி, "உங்க தெருவுல தூசி ஜாஸ்தி டீச்சர். வாராவாரம் போடுங்க. நானே வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

அன்றோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு ஜன்னல். ஆனாலும் வருஷக்கணக்காக வாரந்தோறும் திரைச்சீலை வந்தது. வெளுத்து, மடித்து, பழுப்புக் காகிதத்தில் கட்டித் திரும்பிப் போனது. கூலியும் திரைச்சீலைக் கூலிதான். அக்காவும் மடித்தவள்தான். கணவனும் மனைவியும் தனியாக இருக்கும்போதுகூட, "திரைச்சீலை காஞ்சுடுச்சா?" "இன்னும் ஈரம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்த வார்த்தைக்குள் ஒரு மனுஷியின் மானம் இருந்தது. அதை அவிழ்த்துப் பார்க்க இருவருக்கும் தோன்றியதில்லை.

துக்கம் கேட்க வந்த போதகர்தான் அவிழ்க்க வைத்தார். நல்ல மனிதர், நல்ல மனிதர்களிடம்தானே வாய் தவறும்.

"அடக்க ஆராதனையில அவரப்பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்மா. அமைதியானவர், சபைக்கு ஒழுங்கா வருவார்னு மட்டும் சொன்னா நல்லாவா இருக்கும்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளுக்குத் தன் புருஷன் எப்படிப்பட்டவன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெயரைச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் ஒரு வீடு, படுக்கைத் துணி, திரைச்சீலை என்கிற வார்த்தை, இவ்வளவுதான் சொன்னாள். "உங்க மனசோட இருக்கட்டும் ஐயா. பிரசங்கத்துல வேண்டாம்."

"என்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லும்மா" என்றார் போதகர்.

கல் கிணற்றில்தான் விழுந்தது. ஆனால் கிணற்றைச் சுற்றி மன்றத்தார் நின்றிருந்தார்கள்.

வெகு சீக்கிரமே அக்காவுக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு பள்ளி அறையில் விசாரணை. குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் பணிவு ஐயாவும் செயலாளரும் பொருளாளரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் யாரோ வரைந்த ஆட்டுக்குட்டி மூன்று கால்களோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதல்ல ஒரு கேள்விம்மா" என்றார் செயலாளர். "கல்யாணத்துல நீங்க அவருக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?"

"இடது பக்கம்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். "அப்ப இவங்கதான் இடது கை."

"நாங்க தீர்மானிக்க வேண்டியது இதுதான்" என்றார் பணிவு ஐயா. "அவர் செஞ்சது உங்களுக்குத் தெரியும்னா, இடக்கைக்குத் தெரிஞ்சுபோச்சு, தகுதியில்ல. தெரியாதுன்னா, சாட்சி இல்ல, அப்பவும் தகுதியில்ல."

"தகுதியில்லன்னே வச்சுக்கங்க ஐயா. நான் போய்க் கடை திறக்கணும்."

"பாத்தீங்களா! எவ்வளவு அடக்கம்!" பணிவு ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி அடக்கம் எனக்கு அடுத்தபடியா இவங்ககிட்டதான் பாக்குறேன்."

பொருளாளருக்கு ஒரு சந்தேகம். "உங்களுக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியுமா?"

"ஒரே கடையில நின்னு ஒரே துணியத் துவைச்சா தெரியாதாங்க?"

"அதப்பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"பேசல. பேசாததால, விதிப்படி தெரியாது" என்று செயலாளர் தீர்த்து வைத்தார். "இனி பயனாளி யாருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. அவங்க வந்து மேடையில ஒரு வார்த்தை, 'ஆமா, எனக்குத்தான் செஞ்சார்'னு."

"சொல்ல மாட்டேன்."

"எங்ககிட்ட சொல்லலாம்மா. நாங்க மறைந்த கரம் மன்றம்!"

"அவர் இருந்தா சொல்லியிருக்க மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்." எழுந்து வந்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், அந்த அடக்கத்தைக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

மறுநாளே தெருவுக்குள் ஒரு வண்டி வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிய துணி கட்டியிருந்தது: 'மறைந்த கரம் மன்றம். இரகசிய விசாரணை.' செயலாளர் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"ராத்திரியில படுக்கை நனையிறது உங்க வீட்டுலதானா? மெதுவா சொல்லுங்க, ரகசியம்" என்று உரக்கக் கேட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஒரு வீட்டில் துடைப்பத்தோடு வந்தார்கள். ஒரு வீட்டில் மாமியார் மருமகனைக் காட்டினாள். மருமகன் மாமியாரைக் காட்டினான். ஒரு அம்மாள், "எங்க வீட்டுக்காரர் குடிச்சா மட்டும்தான், அது கணக்குல வருமா?" என்று கேட்டாள். வராது என்று விதிப்படி விளக்கப்பட்டது. இல்லை என்று சொன்ன வீட்டாரை மறுபடி தொந்தரவு செய்யக்கூடாது என்ற நாகரிகம் மன்றத்துக்கு இருந்ததால், அவர்கள் வாசற்கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனார்கள்.

வெயில் சாய்வதற்குள் தெரு முழுக்கக் கோடு. தட்டிய கதவுகளில் நடுவீட்டுக் கதவில் மட்டும் கோடு இல்லை. டீச்சர் திறக்கவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பது கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த நிழலில் எல்லாருக்கும் தெரிந்தது.

"யாருன்னு கண்டுபிடிச்சாச்சு!" என்று செயலாளர் வண்டியிலிருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். "யார் மனசும் நோகாம, யாருக்கும் தெரியாமக் கண்டுபிடிச்சாச்சு!"

தெரு மொத்தமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் டீச்சர் கடைக்கு வந்தார். கையில் மூட்டை இல்லை. அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்னு நினைச்சேன்."

"அவர் சொல்லல டீச்சர். என்கிட்டகூட வாயத் திறந்து சொன்னதில்ல. போதகர்கிட்ட நான்தான்... பேரு சொல்லல டீச்சர். சத்தியமா பேரு சொல்லல."

"பேரு எதுக்கு? அதான் கதவுல கோடு போடாம எழுதிட்டுப் போயிட்டாங்களே." டீச்சரின் முதுகு நேராகத்தான் இருந்தது, குரல்தான் ஒரு சுரம் இறங்கியிருந்தது. "இன்னிக்கு வரைக்கும் தெருவுல சந்தேகம்தான். ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லிட்டாங்கன்னா சந்தேகம் போயிடும். அப்புறம் நான் சபை வாசப்படி மிதிக்க மாட்டேன். எனக்குப் பாட்டத் தவிர வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

டீச்சர் போய்விட்டார். அந்த விரிப்புகளை இந்த வயதில் அவர் எந்த வாளியில் அமுக்கிப் பிழிகிறாரோ என்று அக்கா நினைத்தாள்.

போதகரிடம் ஓடினாள்.

"நான் எங்கம்மா சொன்னேன்?" அவருக்கு உண்மையாகவே வருத்தம். "ஜெபக் குறிப்பாத்தான் குடுத்தேன். மன்றத்து சகோதரர்கள்கிட்ட, 'இந்த மாதிரி ஒரு குடும்பம், பாரத்தோட ஜெபிச்சுக்கங்க'ன்னேன். ஜெபத்துக்குக் குடுத்தது எப்படிம்மா வெளிய சொன்னதாகும்?"

"கிணத்துல போட்ட கல்லுன்னீங்களே ஐயா."

"கல்லுதான். ஆனா பாருங்க, சாட்சி விளக்கு மாதிரி. மூடி வைக்கக் கூடாதுன்னும் இருக்கு."

மூடு என்பதற்கும் ஒரு வசனம், திற என்பதற்கும் ஒரு வசனம். போதகரிடம் இரண்டு சாவியும் இருந்தன. அடுத்த வீட்டுக் கதவு அடுத்தவர்களுடையது என்பதுதான் அவருக்கு நினைவில்லை. விழாவை நிறுத்த முடியாது, கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சத்தமில்லாத தர்மத்தைக் கேட்க வாசலிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மேடையின் பின்னால் ஆளுயரப் பதாகை. மறைவாகச் செய்தவரின் முகத்தைக் காட்டக்கூடாது என்பதால் வெறும் கை ஒன்றைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். சலவைக்காரரின் கையைத் தனியாக யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே பணிவு ஐயா, தம் கையை மிகுந்த பணிவோடு கொடுத்து உதவியிருந்தார். வழவழவென்ற கை. விரலில் கல் பதித்த மோதிரம்.

பாடகர் குழு தொடக்கப் பாட்டைப் பாடி முடித்தது. டீச்சர் நடத்தினார். முன்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். அவர் விரலைத் தூக்கினார், இருமல் நிற்கவில்லை.

"மிகுந்த பணிவோடு" என்று தொடங்கினார் தலைவர். "சத்தமில்லாமல் செய்வது எப்படி என்று இந்த உலகத்துக்கு உரக்கச் சொல்ல வேண்டிய காலம் இது. என்னைக் கேட்டால், நான் செய்ததை நானே மறந்துவிடுவேன். என் செயலாளர்தான் குறித்து வைத்து அவ்வப்போது வாசித்துக் காட்டுவார். அப்போதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று நாம் பயனாளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லவே கூடாது. அது இங்கிதம் அல்ல. தெருவின் நடுவில் வசிக்கும், இசைஞானம் மிக்க ஒரு சகோதரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்."

மண்டபமே பாடகர் குழுவின் பக்கம் திரும்பியது.

"கேடயம் வழங்குவதற்கு முன் அன்னாரின் மனைவி ஒரு வார்த்தை."

அக்கா எழுந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்துப் பழக்கமில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். அந்தத் துணி யார் வீட்டுத் துணியும் இல்லங்க. எங்க வீட்டுத் துணி."

பணிவு ஐயா சிரித்தார். "அடக்கத்தில் பேசுகிறார்."

"அடக்கம் இல்லங்க ஐயா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் அந்த நோவு. ரொம்ப வருஷமா. வெளிய தெரியக் கூடாதுன்னு திரைச்சீலைன்னு சொல்லிக்குவோம். போதகர் கேட்டப்ப, நம்ம வீட்டுக் குறைய எப்படிச் சொல்றதுன்னு அடுத்த வீட்டுக் குறையா சொல்லிட்டேன். பாட்டு டீச்சர் பேர எதுக்கு இழுக்கறீங்க? அவங்க கதவுல கோடு போடல, சரி. எங்க வீட்டுக் கதவுல போட்டீங்களா? எங்க வீட்டுக்கு நீங்க வரவே இல்லையே."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். உண்மைதான். அந்தக் கதவை யாரும் தட்டவில்லை.

"அப்ப... தர்மமே நடக்கலையா?" என்றார் பணிவு ஐயா. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் வாசல் வரைக்கும் கேட்டது.

"நடக்கல ஐயா."

"சொந்தத் துணிய சொந்தக் கடையில துவைச்சதுக்கா நாங்க விழா எடுத்தோம்?"

முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு அது வரிசை வரிசையாக முன்னே வந்தது. "மூத்திரக்கரம்" என்று ஒருவன் பக்கத்து ஆளிடம் சொன்னது அக்காவுக்குக் கேட்டது. சலவைக்காரர் சட்டையில் ஒரு கறை இருந்து பார்த்தவர்கள் கிடையாது. அதுகூட அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

தலைவர் சுதாரித்துக்கொண்டார். மன்றம் ஏமாற்றப்பட்டதாகவும், ஆனாலும் இறந்தவரையும் இருப்பவரையும் தாம் மன்னிப்பதாகவும், இந்த மன்னிப்பை வெளியில் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கேடயம் வீணாகக்கூடாதே என்று பொருளாளர் கவலைப்பட்டார். பொறித்த பெயரைச் சுரண்டிவிட்டு அதைத் தலைவருக்கே வழங்கலாம் என்று செயலாளர் முன்மொழிந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் செயலாளருக்கே விதி நினைவு வந்துவிட்டது. ஆகவே தலைவர் தகுதி பெறும்வரை கேடயத்தை அவர் பெயரிலேயே பத்திரமாக வைத்திருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பணிவு ஐயாவின் முகம் முதன்முறையாக உண்மையிலேயே பணிந்தது.

கூட்டம் கலைந்தது. போதகர் அக்காவை மேடைப் படியில் மறித்தார்.

"சபையில நின்னு பொய் சொல்லலாமாம்மா?"

"உங்ககிட்ட ஒரே ஒரு உண்மை சொன்னேன் ஐயா. பாத்தீங்கல்ல" என்றாள்.

போதகர் படியை விட்டு விலகி வழிவிட்டார்.

கூடத்தின் ஓரத்தில் பெண்கள் டீச்சரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது.

"உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டோமே டீச்சர்! கடைசியில பாத்தா அந்த ஆளுக்கே... ஐயே. அவர் கையாலதான நம்ம துணியெல்லாம் மடிச்சாரு? நினைச்சா குமட்டுது. இனிமே நான் அங்க போட மாட்டேம்ப்பா. நீங்களும் அங்கதான போடுவீங்க?"

டீச்சரின் கண்கள் அக்காவைப் பார்த்துவிட்டன. ஒரு கணம்தான். பிறகு அவர் தம் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு அந்த மனுஷர அவ்வளவா பழக்கமில்ல" என்றார்.

அக்கா நின்றாள். எதிர்பார்த்ததுதான், அதற்காகத்தானே மேடையில் அப்படிச் சொன்னாள். ஆனாலும் வெந்நீர் கையில் கொட்டும் என்று தெரிந்திருப்பது வேறு, கொட்டுவது வேறு. பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "டீச்சருக்கு எங்களத் தெரியாது. கடைப்பக்கம் வந்ததே இல்ல."

டீச்சர் தலையை அசைத்தார். முதுகு நிமிர்ந்து, மற்றவர்களோடு வாசலை நோக்கி நடந்தார். யாரோ அடுத்த வாரப் பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லும் குரல் பழைய சுரத்துக்கு ஏறியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மண்டபம் காலியாயிற்று. வாடகை நாற்காலிக்காரர் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டே வந்தார். வெளியூர்க்காரர், எந்தக் கதையும் தெரியாதவர். மேடையேறிப் பதாகையின் கயிற்றை அவிழ்த்தார். அந்தப் பெரிய கை சுருங்கிக் கீழே விழுந்தது. அதைச் சுருட்டப் போனவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் விழான்னாங்க. இது அவர் கையாம்மா? வேணும்னா எடுத்துட்டுப் போறீங்களா?"

அக்கா அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள்.

"இல்லப்பா. அவருக்கு மோதிரமே நிக்காது. சலவைச் சோடா பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடிச்சிருக்கும்."

"அப்ப இது யாரோடது?"

"தெரியல" என்று சொல்லி, அவர் மடிப்பதற்காக நாற்காலியை விட்டு எழுந்தாள்.